தண்ணீர் விட்ட கிண்ணம்

ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்தபோது சோற்றுப் பானை காலியாகியிருந்தது. கோழிக் குழம்புச் சட்டியும் காலியாகியிருந்தது. மேசையின் நடுவில் வைத்த சாலட் கிண்ணம் மட்டும் முக்கால்வாசி அப்படியே இருந்தது. லெட்டூஸ் இலைகள் துவண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் தேங்கி, அதில் வெள்ளரிக்காய்த் துண்டுகள் மிதந்தன. மகளின் மனம் நோகக்கூடாது என்று அப்பா இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். பாட்டி ஒரு வாய் தின்றுவிட்டு, மீதியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

அந்தச் சாலட்டைச் செய்தவள் படிவம் நான்கில் படிக்கும் மகள். யாரும் கேட்காமலேயே அவள் அதைச் செய்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் அப்பாவின் இரத்த அழுத்தம் 152/96 என்று காட்டியது. அப்பாவுக்கு வயது 49. தாத்தா பக்கவாதம் வந்து படுத்தபோது அவருக்கு வயது 52. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் மனத்துக்குள் கழித்துப் பார்த்துவிட்டார்கள்.

கிளினிக்கில் இருந்த உணவியல் அலுவலர் வட்டத் தட்டுப் படம் ஒன்றைக் காட்டி விளக்கினார். மலேசியச் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று பரப்பிவரும் அதே தட்டு. கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி முழுவதும் காய்கறியும் பழமும். ஒரு நாளைக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும், உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை எனத் தெரியவந்தது. அப்பாவும் அந்த 95 விழுக்காட்டில் ஒருவர். சோற்றுக்குப் பக்கத்தில் பயற்றங்காய்ப் பொரியல் இரண்டு கரண்டி இருந்தால் அவருக்கு அதுவே காய்கறி.

எனவே, பாதித் தட்டை நிரப்ப மகள் சாலட் செய்தாள். அது ஏன் கிண்ணத்திலேயே தங்கிவிட்டது?

அவள் காலை ஒன்பது மணிக்குக் காய்களை நறுக்கினாள். ஒன்பதரைக்குப் போத்தலில் இருந்த சாலட் சாஸை ஊற்றிக் கலந்தாள். வீட்டில் சாப்பிட்டது ஒரு மணிக்கு. இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தில் கிண்ணத்துக்குள் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையை அவள் ஏற்கெனவே பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறாள். உருளைக்கிழங்கை நீள நீளமாக வெட்டி உப்புக் கரைசலில் போட்டால், சற்று நேரத்தில் அது சுருங்கித் தளர்ந்துவிடும். உயிரணுவுக்கு வெளியே உப்பு மிகுந்திருப்பதால், உள்ளே இருக்கும் நீர் மெல்லிய சவ்வைக் கடந்து வெளியே வருகிறது. இதைத்தான் சவ்வூடுபரவல் என்கிறார்கள். வெள்ளரிக்காயின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். சாஸில் இருந்த உப்பும் சீனியும் அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டன. நீர் நிறைந்த உயிரணுக்கள்தாம் இலையை விறைப்பாக நிறுத்துகின்றன. அது போனதும் லெட்டூஸ் துவண்டது. சோதனைக் குழாயில் நடந்தால் மதிப்பெண் கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் நடந்தால் சாலட் வீணாகிறது.

சாலட்டில் அடுப்பு வேலை இல்லை. அதனால் அது எளிது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், குழம்பைவிட அதற்கு நேரம் பார்க்க வேண்டும். குழம்பு ஒரு மணி நேரம் காத்திருக்கும்; லெட்டூஸ் காத்திருக்காது.

ஒவ்வொரு காய்க்கும் ஒரு நேரம் உண்டு. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, வடிகட்டியில் 15 நிமிடம் வைத்தால் அது விட வேண்டிய தண்ணீரை அங்கேயே விட்டுவிடும். பிறகு ஒருமுறை அலசி, கையால் மெல்லப் பிழிந்து எடுத்தால் உப்பும் பெரும்பாலும் போய்விடும். காயும் மொறுமொறுப்பாக இருக்கும். தக்காளியில் விதையும் கூழும் உள்ள நடுப்பகுதிதான் அதிகமாகத் தண்ணீர் விடும். அதை வழித்துக் குழம்புக்கு வைத்துவிட்டுச் சதையை மட்டும் சாலட்டில் சேர்க்கலாம். பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, பனிக்கட்டித் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் அதன் காரம் அடங்கும். முட்டைக்கோசும் கேரட்டும் நேர்மாறானவை. அவை கடினமானவை, எலுமிச்சைச் சாறும் சிறிது உப்பும் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வைத்தால்தான் அவை இளகிச் சுவை பிடிக்கும். இலைகளுக்கோ கடைசி நிமிடம்தான். சோறு தட்டில் விழும்போதுதான் சாஸ் இலைமேல் விழ வேண்டும்.

இலையில் ஈரம் இருக்கக்கூடாது என்பதும் முக்கியம். எண்ணெய் கலந்த சாஸ் ஈரமான இலையில் ஒட்டாமல் வழிந்து அடியில் போய்விடும். இதற்கெனச் சுழலும் கூடைகள் கடைகளில் விற்கின்றன. ஆனால் கழுவிய இலைகளைச் சுத்தமான பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, பின்வாசலில் நின்று நான்கு முறை வேகமாகச் சுழற்றினாலும் அதே பயன்தான். தண்ணீர் சிதறும் இடத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் இப்படித்தான் செய்தாள். கேமரன் மலையிலிருந்து வந்த லெட்டூஸ் கடிக்கும்போது சத்தம் போட்டது. அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டார். மகளின் முகம் மலர்ந்தது. ஆனால் அம்மா போத்தலைக் கையில் எடுத்து, அதன் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை செய்பவர். போத்தலின் முன்பக்கத்தில் உள்ள படத்தை அவர் நம்புவதில்லை.

உணவுப் பொருளின் மூலப்பொருள் பட்டியலில், எடை மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலும் எழுதப்படும். அந்தப் போத்தலில் முதலில் எண்ணெய், பிறகு தண்ணீர், மூன்றாவதாகச் சீனி, அதற்கடுத்து உப்பு. தக்காளியின் பெயர் அதற்கும் பின்னால்தான் வந்தது. “உப்பைக் குறைக்கத்தானே காய்கறி செய்தோம்? இதில் அதையே அள்ளி ஊற்றிவிட்டோமே” என்றார் அம்மா. இந்தப் போத்தலை மட்டும் குறை சொல்ல முடியாது. சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதுக்குமான வரம்பு 2,000 மில்லிகிராம்தான். அதாவது, ஒரே கரண்டியில் பாதி நாள் தீர்ந்துவிடுகிறது.

வீட்டில் சாஸ் செய்வதன் பெரிய பயன் இதுதான்: உப்பு அளக்கும் கரண்டி நம் கையில் இருக்கும்.

அடிப்படைச் சாலட் சாஸுக்கு மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது மேல்நாட்டுச் சமையலில் வழங்கும் கணக்கு. புளிப்புக்குப் பழகிய நம் நாக்குக்கு இரண்டுக்கு ஒன்று பொருந்தும். நான்கு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, சிறிது மிளகுத் தூள். இதில் ஒழுங்கு முக்கியம். உப்பு எண்ணெயில் கரையாது. எனவே, முதலில் சாற்றில் உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அடியில் மணலாகத் தங்கி, முதல் வாய் சப்பென்றும் கடைசி வாய் கரிப்பாகவும் இருக்கும்.

புட்டியை மூடிக் குலுக்கினால் எண்ணெயும் சாறும் கலந்ததுபோல் தெரியும். மேசையில் வைத்ததும் பிரிந்துவிடும். அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி சேர்த்துக் குலுக்கினால் கலவை சற்றுக் கெட்டியாகி, பிரியாமல் நெடுநேரம் நிற்கும். எண்ணெய்த் துளிகள் மீண்டும் ஒன்றுசேராதபடி கடுகு இடையில் நின்று தடுக்கிறது. மயோனைஸில் முட்டையின் மஞ்சள் கரு செய்வதும் இதே வேலைதான். தாளித்த முழுக் கடுகுக்கு இந்த ஆற்றல் இல்லை. அது மணத்துக்கு மட்டும்.

எண்ணெய் எது என்பது வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. கடலை எண்ணெய் எதனோடும் ஒத்துப்போகும். நல்லெண்ணெய் வெள்ளரிக்காய்க்கு நன்றாக இருக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் மற்ற மணத்தை எல்லாம் விழுங்கிவிடும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த காய்களின்மேல் பட்டதும் உறைந்து வெள்ளைப் பொட்டுகளாகிவிடும். ‘எண்ணெயே வேண்டாம்’ என்று சிலர் ஒதுக்குகிறார்கள்; அது சரியன்று. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. சிறிதளவு எண்ணெய் சேரும்போதுதான் உடல் அதை நன்கு ஏற்றுக்கொள்கிறது. சுவை பார்க்க விரலை நனைக்காமல், ஓர் இலையை நனைத்துத் தின்று பார்க்க வேண்டும். தனியாக நாக்கில் வைத்தால் புளிப்பாகத் தெரியும் சாஸ், இலையோடு சேரும்போது சரியாக இருக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், மகள் கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய், புதினா, வறுத்துப் பொடித்த சீரகம் எல்லாம் சேர்த்து ‘தயிர் டிரெஸ்ஸிங்’ ஒன்றைச் செய்து பாட்டியிடம் நீட்டினாள். பாட்டி ருசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, இது பச்சடிதானே? இதற்குப் போய் இவ்வளவு பெரிய பெயரா?”

பாட்டி பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீட்டில் பச்சைக் காய் என்றால் பச்சடியும், ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் போட்டுத் தாளிக்கும் கோசுமல்லியும்தான். கோசுமல்லிகூட இராம நவமிக்குத்தான் நினைவுக்கு வரும். பச்சையாக இலை தின்னும் பழக்கத்தைப் பாட்டி பக்கத்துக் கம்பத்தில் இருந்த மலாய்த் தோழியின் வீட்டில்தான் கண்டார். அங்கே சாப்பாட்டுக்கு அமர்ந்தால் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளும் காய்களும் வந்துவிடும். அதுதான் உலாம். சிறகவரையாகிய காச்சாங் போட்டோல், முந்திரிக் கொழுந்து, பெத்தாய், உலாம் ராஜா என்று நாளுக்கு நாள் தட்டு மாறும். எல்லாவற்றையும் சம்பல் பெலாச்சானில் தொட்டு, சோற்றோடு கடித்துத் தின்பார்கள். சுட்ட பெலாச்சான், மிளகாய், லிமாவ் கஸ்தூரிச் சாறு ஆகியவற்றை இடித்துச் செய்யும் அந்தச் சம்பலில் மேலும் உப்புப் போடக்கூடாது. பெலாச்சானிலேயே உப்பு மிகுதி.

“அந்தத் தட்டில் ஒருநாள் பெகாகா வைத்தார்கள். பார்த்தால் நம்ம வல்லாரை! மறதி போக அம்மா துவையல் அரைப்பாங்களே, அதே இலை. எங்க லயத்துக்குப் பின்னாடி ஈரத்தில் கிடந்ததை நாங்க அரைச்சோம், அவங்க அப்படியே தின்னாங்க.”

பாட்டி சொன்னது சரிதான். பெகாகாவும் வல்லாரையும் ஒரே செடி. யாழ்ப்பாணத்தில் அதை வல்லாரைச் சம்பலாகச் செய்கிறார்கள். இலைகளைக் கழுவி உலர்த்தி, சுருட்டி, நூல்போல மெல்லியதாக அரிய வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு, மிகச் சிறிது உப்பு. பரிமாறும்போதுதான் பிசற வேண்டும். இதில் எண்ணெய் ஊற்றுவதில்லை; தேங்காய்த் துருவலே எண்ணெயின் வேலையைச் செய்துவிடுகிறது. வல்லாரையின் இலேசான கசப்பைத் தேங்காயின் இனிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் தணிக்கின்றன.

தேங்காயை வேறு விதமாகப் பயன்படுத்துவது மலாய்க்காரர்களின் கெராபு. துருவிய தேங்காயை எண்ணெய் இல்லாமல் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடித்தால் அது கெரிசிக். நீளமாகச் சீவிய மாங்காய், சின்ன வெங்காயம், மிளகாய், கொஞ்சம் உலர்ந்த இறால், இவற்றோடு கெரிசிக்கைச் சேர்த்துப் பிசறினால் மாங்காய்க் கெராபு. மாங்காயே புளிப்பாக இருப்பதால் எலுமிச்சைச் சாற்றை ருசி பார்த்துத்தான் பிழிய வேண்டும். கெரிசிக் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் கெராபு எளிதில் சொதசொதப்பதில்லை. சவ்வூடுபரவல் என்ற பெயர் தெரியாதவர்களும் அதற்கு மாற்று வைத்திருக்கிறார்கள்.

பினாங்குப் பசெம்போரிலும் இந்தக் கெட்டித்தன்மைக்கு ஒரு வழி உண்டு. வெள்ளரிக்காயும் செங்குவாங்கும் நீர் விடும் காய்கள். அவற்றின்மேல் ஊற்றும் குழம்பை அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டு கெட்டியாக்குகிறார்கள். காடோ காடோவுக்கு ஊற்றும் கச்சான் சாஸை வீட்டிலேயே செய்யலாம்: வறுத்து அரைத்த நிலக்கடலை, ஊறவைத்த காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், புளிக்கரைசல், சிறிது குலா மெலாக்கா. எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு தீயில் கொதிக்கவிட வேண்டும். விருந்தினருக்குக் கொடுக்கும்முன், நிலக்கடலை ஒவ்வாதவர் யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்ட மகளுக்கு ஆர்வம் கூடியது. குடியிருப்புப் பகுதியில் நடக்கவிருந்த கோத்தோங் ரோயோங்கிற்கு 40 பேருக்குச் சாலட் செய்து தருவதாக அவள் ஒப்புக்கொண்டாள். முதல்நாள் இரவே நறுக்கி, பச்சைத் தௌகே நிறையப் போட்டுக் கலந்துவிடலாம் என்பது அவள் திட்டம். அதைக் கேட்டதும் அம்மா, கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

சிற்றுண்டிச் சாலையில் வேலைக்குச் சேரும்முன் அம்மா உணவு கையாளுவோருக்கான பயிற்சிக்குச் சென்றவர். டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர். சமைத்த உணவில் கிருமிகளைத் தீ கொன்றுவிடும். சாலட்டுக்குத் தீ இல்லை. எனவே, கையும் கத்தியும் பலகையும் தண்ணீரும்தான் அதற்குக் காவல். 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர், கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் உண்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவில் இருக்கும் விப்ரியோ வகைப் பாக்டீரியா, உண்ணத் தயாராக இருந்த பொருள்களில் தொற்றியதே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. மீன் வெட்டிய பலகையில் வெள்ளரிக்காயை நறுக்கினால் வீட்டிலும் அதே ஆபத்துதான்.

முளைகட்டிய பயறு இன்னும் கவனம் வேண்டுவது. பயறு முளைப்பதற்கு வேண்டிய வெப்பமும் ஈரமும் கிருமிகள் பெருகவும் ஏற்றவை. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின்வழி பரவிய ஈ.கோலை கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதைக்குள்ளேயே கிருமி புகுந்திருக்கலாம் என்பதால் கழுவுவது மட்டும் போதாது. தௌகேயைக் கொதிக்கும் நீரில் வேகவைத்து, வடித்து ஆறவைத்த பிறகுதான் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும்.

இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், சவர்க்காரம் கூடாது. நறுக்கிய காய்கள் 4 பாகை செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில், வெளியே எடுத்த சாலட்டை இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிட வேண்டும். மிஞ்சியதை இரவுக்கு என்று எடுத்துவைக்கக்கூடாது.

திட்டம் மாறியது. கோத்தோங் ரோயோங் அன்று முட்டைக்கோசு, கேரட் ஆகிய இரண்டை மட்டும் காலையில் சீவிப் பிசறிப் பனிப்பெட்டியில் எடுத்துச் சென்றார்கள். மற்றவற்றைத் தனித்தனி டப்பாவில் கொண்டுபோய், உணவு நேரத்தில் அங்கேயே கலந்தார்கள். மதியம் கிண்ணம் கழுவும்போது துடைத்து எடுக்கக்கூட அதில் ஒன்றுமில்லை.

வீட்டுப் பின்புறத்தில் இப்போது இரண்டு பூந்தொட்டிகளில் வல்லாரை படர்ந்திருக்கிறது. பாட்டிதான் தண்ணீர் ஊற்றுகிறார். அப்பாவின் அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, மாத்திரையும் தொடர்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் தட்டில் பாதி இடத்தை வல்லாரைச் சம்பலும் வெள்ளரிக்காயும் பிடித்துக்கொண்டிருந்தன. சாப்பிட்டு முடித்ததும் அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அடியில் எலுமிச்சையும் மிளகும் உப்பும் கலந்த சாறு கொஞ்சம் தேங்கியிருந்தது. அதைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளக் கரண்டியை எடுத்தவர், அம்மா பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, மெல்லக் கீழே வைத்தார்.